நீ இல்லாத அன்னிக்கு

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்க அக்கா. எனக்கு வேண்டாம், பாப்பாவுக்குக் காத்து ஆகாது. கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கலாமா? இன்னும் கொஞ்சம். ம், போதும். வேர்க்கும், தெரியும், மன்னிச்சுக்கோங்க. நான் கவுந்தப்பாடி தாண்டினதும் இறங்கிருவேன், அப்புறம் முழுசாத் திறந்துக்கலாம்.

அந்தப் பை என்னோடதுதான். உங்க காலை இடிக்குதுங்களா? மேல போட முடியாது, பாப்பா சாமான் எல்லாம் அதுலதான் இருக்கு. என் போனும் அதுக்குள்ளதான் கிடக்கு. ஏறும்போது ரெண்டு கையும் வேணுமே. அடிச்சாக் கேக்கும். கம்பெனிச் செய்திக்குன்னு தனியா ஒரு சத்தம் வெச்சிருக்கேன், ரயில்வே கேட்டு மணி மாதிரி. எப்பேர்ப்பட்ட தூக்கத்துலயும் எழுப்பிவிட்டுரும். எங்க வீட்டுக்காரர் அதைக் கேட்டா, உன் மூத்த பிள்ளை அழுகுது பாருன்னு சொல்லுவார்.

ஈரோட்டுக்குக் கல்யாணத்துக்குங்களா. நல்லதுங்க. நான் வேலைக்குப் போறேன். கைக்குழந்தையைத் தூக்கிட்டு வேலைக்கான்னு நினைக்கிறீங்க, முகத்துலயே தெரியுது. தினமும் இல்லைங்க, இன்னிக்கு மட்டும்தான். இன்னிக்குக் காலையில எங்க மேடம் ஒரு முடிவு எடுக்கப் போறாங்க. அந்த வேலையில நான் இனி இருக்கேனா இல்லையாங்கறது மத்தியானத்துக்குள்ள தெரிஞ்சுரும். அந்த மாதிரி நாள்ல மனசு பாதி வீட்ல கிடந்தா ஆகுமா?

வீட்ல விட்டுட்டு வந்திருக்கலாந்தான். அவர் பாலிடெக்னிக்ல வாத்தியார், பரிட்சை முடிஞ்சு இப்ப வீட்லதான் இருக்கார். அத்தையும் இருக்காங்க. ஆனா பார்த்துக்க யார் இருக்கா சொல்லுங்க.

அவர் ஆரம்பத்துல செய்வார். இல்லைன்னு சொல்லமாட்டேன். டயபர் மாத்துவார், ஆனா ஒரு பக்க ஒட்டு கோணலா இருக்கும். நான் பிரிச்சு மறுபடி ஒட்டுவேன். பாப்பாவைத் தோள்ல போட்டுத் தட்டுவார், தட்டுற வேகம் சரியில்லைன்னு நான் வாங்கிக்குவேன். கொஞ்ச நாள்ல அவரும் விட்டுட்டார். இப்பப் பாப்பா அழுதா, என்னைப் பார்க்கிறாரே தவிர எந்திரிக்கிறதில்ல. அப்படித்தான் அக்கா. யாரும் செய்யறதில்ல. எல்லாம் கடைசியில என்கிட்டதான் வந்து நிக்கும், வீடுன்னாலும் சரி, கம்பெனின்னாலும் சரி.

தேன்கொடி பால்னு கேள்விப்பட்டிருப்பீங்க. பாக்கெட்டுல பச்சைக் கொடி ஒண்ணு சுத்திக்கிட்டுப் போகும். அங்கதான். சுத்துப்பட்டு ஊர்ல இருந்து பால் வாங்கி, அங்கங்க சென்டர்ல பெரிய டேங்குல குளிர வெச்சு, லாரியில இங்க கொண்டுவந்து பாக்கெட் போடறாங்க. நான் அதுல கம்ப்யூட்டர் பார்க்கிற ஆளு. ஒருத்திதான். சுருக்கமாச் சொன்னா, ஒண்ணோட ஒண்ணு பேசாததைப் பேச வைக்கிறது என் வேலை.

எப்படின்னா, நான் சேர்ந்தப்ப அங்க நாலு சாஃப்ட்வேர் இருந்துச்சு. விற்பனை, சரக்கு பார்க்க ஒண்ணு. புகார் வந்தா எழுதி வைக்க ஒண்ணு. டேங்கு எவ்வளவு குளிர்ச்சியா இருக்குன்னு சதா பார்த்துக்கிட்டே இருக்க ஒண்ணு. ஆளுங்க ஷிஃப்டு, லீவு எல்லாம் வெச்சிருக்க ஒண்ணு. நாலுமே ஓப்பன் சோர்ஸ். உலகத்துல எங்கெங்கேயோ இருக்கறவங்க எழுதி, இந்தா எடுத்துக்கோன்னு வெச்சிருப்பாங்க. எடுத்துக்கலாம், உள்ள பிரிச்சுப் பார்க்கலாம், நமக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கலாம். ஆனா ஒண்ணுக்கு இன்னொண்ணு இருக்கறதே தெரியாது. நாலு ஊர்ல இருந்து ஒரே வீட்டுக்கு வந்த நாலு மருமக மாதிரி. அடுப்படியில எதிரும் புதிருமா நிப்பாங்க, பேச்சுவார்த்தை இருக்காது.

பேர் பொருத்தறதுலயே எனக்கு ஒரு வருஷம் போச்சுங்க. நம்பியூர்ல ஒரு டேங்கு. விற்பனைக்காரனுக்கு அது என்-மூணு. புகார் எழுதறவங்களுக்கு அது 'பெரிய டேங்கு'. குளிர்ச்சி பார்க்கிறதுக்கு அது வெறும் நம்பர். சென்டர்ல போய்க் கேட்டா காளியண்ணன் டேங்குன்னு சொல்லுவாங்க. காளியண்ணன் ரிட்டயர் ஆகிப் போய் எத்தனையோ காலம் ஆச்சு. எல்லாம் ஒரே டேங்குதான்னு நாலுக்கும் ஒவ்வொண்ணாச் சொல்லிக்குடுத்தேன். மேடத்துக்கே தெரியாது நான் பட்ட பாடு.

அப்புறம் நாலையும் ஒண்ணோட ஒண்ணு கோத்தேன். டேங்குல சூடு ஏறுதுன்னு வெச்சுக்கோங்க. குளிர்ச்சி பார்க்கிறது புகார்க்காரிகிட்டச் சொல்லும். அவ தானா ஒரு புகார் திறப்பா. விற்பனைகிட்ட, அந்த டேங்குப் பாலை வெளிய அனுப்பாதேன்னு ஒரு வார்த்தை போகும். ஷிஃப்டு வெச்சிருக்கறதைக் கேட்டு இப்ப ட்யூட்டியில யாருன்னு தெரிஞ்சு, அந்த ஆளுக்குப் போன் அடிக்கும். அவர் 'பார்க்கிறேன்'னு ஒரு பட்டனை அமுக்கணும். அமுக்கலைன்னா சூப்பர்வைசருக்குப் போகும். அவரும் அமுக்கலைன்னா கடைசியா எனக்கு. கடைசிப் பேர் என்னோடதா இருக்கட்டும்னு நான்தான் வெச்சேன். யாராவது ஒருத்தர் இருக்கணுமே.

பேர்தான் கடைசி. எல்லாச் செய்திக்கும் ஒரு காப்பி முதல்லயே எனக்கு வந்துரும், அதுவும் நான் வெச்சதுதான். சத்தம் கேட்டதும் நானே 'பார்க்கிறேன்' போட்டுருவேன். போட்டுட்டு, ட்யூட்டி ஆளைக் கூப்பிட்டு, எந்திரிச்சுப் போய்ப் பாருங்கன்னு சொல்லுவேன். அவங்க பட்டனை அமுக்கி நான் பார்த்ததே இல்லைங்க. ஒரு ஆளுக்குப் பொறுப்புன்னு ஒண்ணு இருக்க வேண்டாமா? நாங்க கான்வென்ட்ல படிச்சவங்க. சிஸ்டர் லியோனில்லான்னு ஒருத்தங்க. எனக்குத்தான் மணி அடிக்கிற வேலை குடுத்திருந்தாங்க. காய்ச்சல்னாலும் போய் அடிப்பேன். அசெம்பிளியில எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு, இவளைப் பாருங்கன்னு சொல்லியிருக்காங்க. ஒரே ஒரு தடவைதான் அம்மை போட்டுப் படுத்துட்டேன். எங்க வீடு ஸ்கூலுக்குப் பின்னாடிதான், மணிச்சத்தம் அப்படியே கேக்கும். எனக்குப் பதிலா ஃபாத்திமா அடிச்சா. கரெக்டாத்தான் அடிச்சா. நான் படுத்துக்கிட்டு அழுதேன். அரிப்பு தாங்காம அழறேன்னு எங்கம்மா வேப்பிலையால தடவிவிட்டாங்க.

எதுக்கு இதைச் சொன்னேன்? ஆமா, பொறுப்பு.

அந்தியூர் சென்டர்ல தங்கராசுன்னு ஒருத்தர், மெஷின் ஓட்டறவர். அவங்கப்பா தவறி, சுடுகாட்டுல எரிச்சுக்கிட்டு இருக்காங்க, அப்பப் போன் அடிச்சிருக்கு. டேங்கு சூடு ஏறுதுன்னு. எல்லார் போனுக்கும் அதே சத்தம்தான் வெச்சிருக்கேன். அத்தனை சொந்தக்காரங்களுக்கு நடுவுல ரயில்வே கேட்டு மணி அடிச்சா எப்படி இருக்கும்? மனுஷன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. வேற யாரோ சொல்லித்தான் தெரிஞ்சுது. எனக்கு மனசே ஆறலைங்க. அன்னிக்கே இன்னொரு இணைப்பு கோத்தேன். லீவுல இருக்கறவங்க யாரையும் இது கூப்பிடக் கூடாது. லீவுன்னா லீவுதான், அவங்களைத் தாண்டி அடுத்த பேருக்குப் போயிரணும். நல்ல காரியம்தானே? எல்லாரும் நல்ல காரியம்னுதான் சொன்னாங்க.

அப்பத்தான் பாப்பா பிறந்தா. டாக்டர் குடுத்த தேதிக்கு முன்னாடியே வலி எடுத்துருச்சு. ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லலை, சொல்ல நேரம் எங்க இருந்துச்சு. ஆட்டோவுல போகும்போது அவர் மட்டும் ஆளுங்க விஷயம் பார்க்கிற அனுராதாவுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கார். அவ என்ன பண்ணினா தெரியுங்களா? உடனே உட்கார்ந்து என்னை லீவுன்னு பதிஞ்சுட்டா. நான் கேட்டேனா? வலியில கத்திக்கிட்டு இருக்கறவ, அனுராதா, எனக்கு லீவு போட்டுருன்னு கேட்டேனா?

அன்னிக்குச் சாயங்காலம் நம்பியூர்ல கம்ப்ரஸர் நின்னுபோச்சு. ட்யூட்டி ஆளுக்குப் போன் அடிச்சிருக்கு. சென்டர் ஆளுங்க என்னையும் மேடம்னுதான் சொல்லுவாங்க. பார்த்திருக்கார், மேடம் போட்டுருவாங்கன்னு விட்டுட்டார். சூப்பர்வைசருக்கு அடிச்சிருக்கு. அவரும் பார்த்திருக்கார், மேடம் போட்டுருவாங்கன்னு விட்டுட்டார். அப்புறம் கடைசிப் பேர். கடைசிப் பேர் லீவுல இருக்கு. தாண்டிப் போயிருச்சு. தாண்டிப் போனா அங்க யாரும் இல்லை.

காலையில திறந்து பார்த்தா டேங்கு முழுக்கத் திரிஞ்சு கிடக்கு. பின்னாடி தோட்டத்துலதான் கொட்டினாங்க. வாரக்கணக்குல நாத்தம் போகலைன்னு சொன்னாங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன் அக்கா, அதுல ஒரு சொட்டுகூடக் கடைக்குப் போகலை. விற்பனையை நிறுத்தினது என் இணைப்புதான். அதை யாரும் பேசமாட்டேங்கறாங்க. இணைப்புல கோளாறு, இணைப்புல கோளாறுன்னு எல்லாரும் அதையே சொன்னாங்க. இணைப்புல என்ன கோளாறு? அது சொன்னதைத்தானே செஞ்சுது. என்னை லீவுன்னு போட்டது அனுராதா.

சும்மா விட்டனா? ஆஸ்பத்திரியில இருந்தே அவளைக் கூப்பிட்டு, என் லீவை எடுன்னு சொன்னேன். அவ பயந்துக்கிட்டு, அப்படி எடுக்கக் கூடாது சிந்துஜா, சட்டப்படி தப்பாயிரும்னா. நான் விடலை. எடுத்துட்டா. அதனால அந்தச் சாஃப்ட்வேர் கணக்குப்படி இன்னிக்கு வரைக்கும் நான் பிள்ளையே பெறலைங்க. ஒரு நாள் விடாம வேலைக்கு வந்திருக்கேன். நீங்க சிரிக்கிறீங்க. எனக்கு அப்பச் சிரிப்பு வரலை. இந்தக் கையில பாப்பா, அந்தக் கையில போன். பால் குடுத்துக்கிட்டே 'பார்க்கிறேன்' போடுவேன். அத்தை கதவாண்ட நின்னு பார்த்துட்டுப் போவாங்க.

அத்தைக்கு என் மேல ஒரு கோபம் உண்டு. நான் திரும்ப வேலைக்குப் போக ஆரம்பிச்சப்ப, டேங்குக்குள்ள வைக்கிற சூடு பார்க்கிற கருவி ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. பாப்பா படுக்கிற ரூம்ல வெச்சேன். தப்பா? சென்டர் பேரெல்லாம் வரிசையா வருமில்லையா, அந்தியூர், அத்தாணி, நம்பியூர், அதுக்குக் கீழ 'மகிழ்'னு பாப்பா பேர்ல ஒரு சென்டர். அதோட செய்தி எனக்கு மட்டும்தான் வரும். ஒரு நாள் மத்தியானம் ரூம் சூடு ஏறுச்சு. ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டு, அத்தை, ஃபேனைப் போடுங்கன்னேன். அவங்க சுத்திமுத்திப் பார்த்திருக்காங்க. உனக்கு எப்படித் தெரியும்னாங்க. அப்புறம் விஷயம் தெரிஞ்சதும், பிள்ளை வளர்த்துன என் மேல காவல் வெச்சிருக்கறாளாக்கும்னு அக்கம்பக்கம் பூரா சொன்னாங்க. அன்னில இருந்து, ஏதாவதுன்னா உன் மெஷினே பார்த்துக்கட்டும்னு டி.வி.யைப் போட்டுட்டு உட்கார்ந்துக்கறாங்க. சொல்லுங்க, நான் எப்படி நம்பி விடறது?

பயம்தான் அக்கா. வேற என்ன. மூச்சு வருதான்னு மூக்குல விரல் வெச்சுப் பார்ப்பேன். வந்தாலும், அடுத்த மூச்சு வருமான்னு பார்ப்பேன். எடை கொஞ்சம் கம்மியாத்தான் ஏறுதுன்னு டாக்டர் சொன்னார். பயப்படறதுக்கு ஒண்ணுமில்லைன்னும் சொன்னார். அத்தை மட்டும், பாலு தண்ணியா இருக்குன்னு முணுமுணுக்கறாங்க.

தண்ணின்னதும் ஞாபகம் வருது. இதைக் கேளுங்க, இப்படி ஒண்ணு வேற யாருக்கும் நடந்திருக்காது. ஆபீஸ்ல பாப்பாவுக்குத் தாய்ப்பால் எடுத்து வைக்க இடம் வேணுமில்லையா. தாழ்ப்பாள் இருக்கற ரூம் சர்வர் ரூம் ஒண்ணுதான். ஏ.சி. வேற எலும்பைத் துளைக்கும். அங்க மெஷினுங்களுக்கு நடுவுல உட்கார்ந்து எடுத்து, பாட்டில்ல ஊத்தி, பால் சோதிக்கிற லேப் ஃபிரிட்ஜுல வைப்பேன். கம்பெனியில ஃபிரிட்ஜுன்னா அது ஒண்ணுதான். ஒரு நாள் லேப்ல இருக்கற வாசுகி, ஏதோ சென்டர் சாம்பிள்னு நினைச்சு அதை எடுத்து மெஷின்ல வெச்சுட்டா. மாட்டுப்பாலுக்குன்னு இருக்கற மெஷின், அதுக்கு என்ன தெரியும்? தண்ணீர் கலப்புன்னு சொல்லிருச்சு. அவ்வளவுதான். என் இணைப்பு உடனே வேலை செஞ்சுது. புகார் திறந்து, 'தண்ணீர் கலப்பு, சப்ளையர் தெரியவில்லை'ன்னு அத்தனை சூப்பர்வைசருக்கும் போன் அடிச்சுருச்சு.

விஷயம் தெரிஞ்சு ஆம்பிளைங்க எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. வாசுகி அழுதுட்டா, என் கையைப் பிடிச்சுக்கிட்டு. நான் பரவாயில்லை விடுன்னு சொல்லிட்டு, சர்வர் ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன். புகாரை மூடறதுக்கு ஒரு காரணம் எழுதணும். காரணம் எழுதாம மூடவிடாது, அதையும் நான்தான் வெச்சேன். என்னத்தை எழுதறது?

போகட்டும். கதைக்கு வர்றேன். எங்க கௌசல்யா மேடம் நல்லவங்கதான். முதலாளி பெரியவருக்கு முடியாமப் போனதும் அவங்கதான் கம்பெனியைப் பார்த்துக்கறாங்க. நம்பியூர் விஷயத்துக்கு என்னை ஒரு வார்த்தை திட்டலை. ஆனா போன வாரம் பெங்களூர்ல இருந்து ஒரு கூட்டத்தைக் கூட்டிட்டு வந்தாங்க. நாலு எதுக்கு, எல்லாம் ஒரே சாஃப்ட்வேர்ல இருக்கு, உங்ககிட்ட இருக்கறதையெல்லாம் தூக்கிப் போட்டுரலாம்னு அவங்க சொல்றாங்க. ஒரே திரையில எல்லாம் பளபளன்னு வருது. பார்த்துக்கறதும் அவங்களே. அப்ப நான் எதுக்கு?

அதுல ஒரு பையன் என்கிட்ட, இப்ப இருக்கறது எப்படி இயங்குதுன்னு ஒரு படம் போட்டுக் காட்ட முடியுமான்னு கேட்டான். போர்டுல போட்டேன். அது வரைக்கும் நான் அதைப் படமாப் போட்டதில்லைங்க, யாரும் கேட்டதில்லை. நடுவுல ஒரு தடவை அனுராதா, எனக்கும் கத்துக்குடு சிந்துஜா, அவசரத்துக்கு ஆகும்னு கேட்டா. உனக்கு எதுக்கு இந்தத் தலைவலின்னு சொல்லிட்டேன், பாவம். சரி, நாலு கட்டம் போட்டேன், கோடு இழுத்தேன், சென்டர் எல்லாம் போட்டேன். போட்டு முடிச்சுட்டுப் பின்னால வந்து பார்க்கிறேன், எல்லாக் கோடும் ஒரு வட்டத்துல வந்து முடியுது. வட்டத்துக்குள்ள என் பேர். பார்க்க அழகாத்தான் இருந்துச்சு.

மேடம் அந்தப் படத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் பெங்களூர்க்காரங்களை வெளிய அனுப்பிட்டு என்கிட்டச் சொன்னாங்க. "சிந்துஜா, எனக்கு உன்னோடதுதான் பிடிச்சிருக்கு. நம்ம ஆளுங்களுக்குத் தகுந்தது அதுதான். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் கொண்டு வா, அவங்களை வேண்டாம்னு சொல்லிடறேன். நீ இல்லாத அன்னிக்கு இது என்ன பண்ணும்?"

இந்த ஒரு கேள்விதான். அதுக்குப் பதில் சொல்லத்தான் போறேன். போன வாரத்துல இருந்து யோசிக்கிறேன். பாப்பாவைக் குளிப்பாட்டும்போது யோசிக்கிறேன், சாதம் பிசையும்போது யோசிக்கிறேன். நீ இல்லாத அன்னிக்கு. அதென்ன கேள்வி அக்கா? பாப்பாவைப் பார்த்துக்கிட்டே இருக்கும்போது அந்தக் கேள்வி வந்து நிக்குது.

இது எந்த ஊர்? கவுந்தப்பாடிங்களா? என்ன கூட்டம் ஏறுது. கொஞ்சம் தள்ளிக்கறீங்களா. ஏங்க, குழந்தை இருக்குதுங்க, மேல சாயாதீங்க.

அக்கா. அக்கா, கேக்குதா? அந்த மணி. என் போன்தான். டேங்கு. பை எங்க? உங்க காலுக்குக் கீழ, நல்லாப் பின்னாடி போயிருச்சு. ஐயோ, பாப்பா கக்கறா. இருடி தங்கம், இரு. குனிய முடியலை, இவர் நகர மாட்டேங்கறார். அக்கா, பையைக் கொஞ்சம் இழுக்கறீங்களா? இல்லை, பாப்பாவை நீங்க பிடிங்க, நான் எடுக்கறேன். தலையைப் பிடிங்க. தலைக்குக் கீழ கை குடுங்க. அழுவா, பரவாயில்லை, யார்கிட்டயும் போகமாட்டா. ஜிப்பு துண்டுல மாட்டிக்கிச்சு. வர மாட்டேங்குது. மணி அடிச்சுக்கிட்டே இருக்கே. ட்யூட்டி ஆளுக்குப் போயிருக்கும், அவன் எடுக்கமாட்டான், சூப்பர்வைசரும் எடுக்கமாட்டார், கடவுளே, ஒரு டேங்குப் பால் அக்கா.

நின்னுபோச்சு.

மணி நின்னுபோச்சு. நான் தொடவே இல்லையே.

இந்தா, வந்துருச்சு. அந்தியூர். 'பார்க்கிறேன் - தங்கராசு'ன்னு போட்டிருக்கு. தங்கராசு போட்டிருக்காரா? இருங்க அக்கா, கூப்பிட்டுப் பார்த்துடறேன். பாப்பாவை ஒரு நிமிஷம் வெச்சிருங்க.

தங்கராசுங்களா. என்ன ஆச்சு? ... எப்ப? ... ஜெனரேட்டர் ஏன் தானா ஓடலை? ... சரி. சரி. ... இல்லைங்க, பாப்பா நல்லா இருக்கா. பஸ்ல வந்துக்கிட்டு இருக்கேன். ... சரி, வைங்க.

கரண்டு போயிருக்குங்க. ஜெனரேட்டர் தானா எடுக்கலை, கையால போய்ப் போட்டுவிட்டுட்டாராம். டேங்கு இப்பக் குளிர ஆரம்பிச்சிருச்சாம். என்ன சொல்றார் பாருங்க. "நீங்க எப்பவும் டக்குனு போட்டுருவீங்களே மேடம், இன்னிக்கு வரலைன்னதும் எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு, பாப்பாவுக்கு ஏதும் முடியலையோன்னு. அதான் நானே போட்டுட்டு ஓடினேன்." அப்படிங்கறார்.

ஒரு ஜிப்பு மாட்டிக்கிட்ட நேரத்துல என்னெல்லாம் நடந்து முடிஞ்சுருது. எனக்குத் தெரியாமலே ஆரம்பிச்சு, எனக்குத் தெரியாமலே முடிஞ்சுருது. இதுக்குத்தான் அக்கா சொல்றேன், விட்டுட்டு இருக்க முடியாதுன்னு.

என்ன அப்படிப் பார்க்கிறீங்க? என்ன சொல்றீங்க? தங்கராசு தானாப் போட்டதைப் போய் மேடம்கிட்டச் சொல்றதா? என்னன்னு சொல்றது? நான் போனை எடுக்காம விட்டேன்னா? நல்லாச் சொன்னீங்க, போங்க. இன்னிக்குப் பார்த்து அதைச் சொன்னா, பெங்களூர்க்காரங்களுக்கு நானே வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிட்ட மாதிரி ஆயிரும்.

பாப்பா அழலையா? உங்க வளையலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கா. தூக்கக் கலக்கம்தான், இல்லைன்னா யார்கிட்டயும் இருக்கமாட்டா. குடுங்க. குடுங்க அக்கா, வாங்கிக்கறேன். பாருங்க, இப்ப அழறா. உங்ககிட்ட இருந்து வாங்கினதும் என்னைத் தெரிஞ்சுக்கிட்டு அழறா.

ஒரு நிமிஷம். ஒத்தைக் கையாலயே பண்ணிருவேன், பழக்கம்தான். போன் அடிக்கிற வரிசையில ஒரு மாத்தம் பண்ணணும். கடைசிப் பேர்னு வெச்சது தப்பு. இனிமே முதல் பேர் நான்தான். எனக்கு அடிச்சு, நான் எடுக்கலைன்னா மட்டும்தான் மத்தவங்களுக்கு. இல்லை, அதுவும் வேண்டாம், நான் எடுக்கற வரைக்கும் எனக்கே அடிக்கட்டும். முடிஞ்சுது. இனித் தங்கராசு ஓட வேண்டியதில்ல.

அதோ, புகைபோக்கி தெரியுதில்ல, அதுதான் கம்பெனி. கண்டக்டர் அண்ணா, பால் கம்பெனி இறங்கணுங்க.

மனசு இப்பத்தான் லேசா இருக்கு அக்கா. மேடத்துக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாமத்தான் பஸ் ஏறினேன். இப்பத் தெரிஞ்சுருச்சு. நீ இல்லாத அன்னிக்கு இது என்ன பண்ணும்னுதானே கேட்டாங்க? அப்படி ஒரு நாளே வராதுங்க மேடம்னு சொல்லப் போறேன். அதுக்கு மேல அவங்களுக்கு என்ன வேணும்?

வர்றேங்க அக்கா. கண்ணாடியைத் திறந்துக்கோங்க. பையா? வேண்டாங்க, நீங்க தூக்க வேண்டாம். கூட்டத்துல விழுந்துருவீங்க. விடுங்க, விடுங்க அக்கா. நானே எடுத்துக்கறேன்.